தைரொயிட்டுத் தளர்ச்சிக்குப் பத்தியம் யாது?

பழைய மாணவர் பல்லாண்டு கழித்து ஒன்றுகூடும்போது பேச்சு எங்ஙனம் தொடங்கி எங்ஙனம் முடிகிறது என்பதை இம்மலரைப் படிக்கும் அன்பர்கள் நன்கு அறிவர். தொடக்கத்தில் விளையாட்டு மைதானத்து வெற்றிகளும், விடுதிச் சாப்பாட்டின் சுவையும், ஆசிரியப் பெருமக்களின் கண்டிப்பும் இடம்பெறும். தேநீர் வருமுன்னரே பேச்சு நோய்க்கும் மருந்துக்கும் திரும்பிவிடும். படிக்குங் காலத்தில் பரீட்சைப் புள்ளிகளை ஒப்பிட்டு மகிழ்ந்த நாம், இன்று இரத்தப் பரிசோதனை முடிவுகளை ஒப்பிட்டு ஆறுதல் அடைகிறோம்.

அத்தகைய ஒரு கூட்டத்திலே, எம்முடன் ஒரே வாங்கிலிருந்து கணிதம் பயின்றவரும் இப்பொழுது ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவருமாகிய நண்பர் ஒருவர், தம் சட்டைப்பையிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்து எம்மிடம் நீட்டினார். "தைரொயிட்டுக்கு ஆகாதவை" என்னும் தலைப்பின் கீழ் பன்னிரண்டு பொருள்கள் முத்து முத்தான எழுத்தில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. கோவா, பூக்கோவா, நோக்கோல், முள்ளங்கி, கடுகு, மரவள்ளி, குரக்கன், சோயா, கச்சான், பாண், கடல் மீன், அயடீன் உப்பு என்பன அவை. உறவினரும் அயலவரும் கூறியவற்றையெல்லாம் திரட்டி அவர் ஆக்கிய பட்டியல் அது. ஓராண்டாக அவற்றுள் ஒன்றையேனும் அவர் தீண்டவில்லை. உடல் மெலிந்தது, உணவில் விருப்பம் போயிற்று, இல்லத்தில் தனிச் சமையல் வேண்டியதாயிற்று. எனினும் குருதிப் பரிசோதனை முடிவு சீரடையவில்லை. வைத்தியர் இருமுறை மருந்தின் அளவை உயர்த்திவிட்டார். "இன்னும் எதை நிறுத்தவேண்டும், சொல்லும்" என்று அவர் கேட்டார்.

வைத்தியத் தொழிலிற் காலங் கழித்தவராதலின் நாம் அவரிடம் திருப்பி ஒரு வினாவையே கேட்டோம். "நீர் குளிகையை எப்பொழுது, எதனோடு விழுங்குகிறீர்?" அவர் சற்றும் தயங்காது, "காலையிற் பாற்கோப்பியோடு, மறந்துபோகாதிருக்க எலும்புக்குத் தந்த கல்சியக் குளிகையையும் அதனோடு சேர்த்தே விழுங்கிவிடுவேன்" என்றார். அவர்தம் இடரின் வேர் அவ்விடையிலேயே கிடந்தது. பட்டியலில் இருந்த பன்னிரண்டும் அவருக்கு ஊறு செய்யவில்லை. பட்டியலில் இல்லாத இரண்டே அவருடைய மருந்தைக் குடலிலே மறித்துக்கொண்டிருந்தன.

இந்நோயுடையார் இன்று நம்மிடையே பலர். அவர்களுள்ளும் ஆடவரினும் மகளிரே பன்மடங்கினர். ஒவ்வொருவர் இல்லத்திலும் இத்தகைய பட்டியல் ஒன்று உலவுகிறது. ஆதலின் அப்பட்டியலை நிறுத்துப் பார்த்து, கொள்ளத்தக்கது யாது, தள்ளத்தக்கது யாது என இங்கு ஆராய முற்படுகின்றோம்.

சுரப்பியும் அதன் தொழிலும்

கழுத்தின் முன்புறத்திலே, குரல்வளைக்குச் சற்றுக் கீழே, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போன்று அமைந்துள்ள சிறிய உறுப்பே தைரொயிட்டுச் சுரப்பி. கேடயம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது இப்பெயர். ஆதலின் தமிழில் இதனைக் கேடயச் சுரப்பி என்பாரும் உளர். உணவிலிருந்து வரும் அயடீனைக் குருதியினின்றும் பற்றியெடுத்து, அதனைப் புரதப் பகுதியொன்றுடன் இணைத்து, தைரொக்சின் என்னும் ஓமோனை இஃது ஆக்குகிறது. தைரொக்சின் மூலக்கூறு ஒன்றில் நான்கு அயடீன் அணுக்கள் உள. உடலின் கலங்களை அடைந்தபின் அவற்றுள் ஒன்று நீக்கப்பட, மூன்று அணுக்களையுடைய வீரியமிக்க வடிவம் தோன்றுகிறது. இம்மாற்றத்தைச் செய்யும் நொதியங்களுக்குச் செலீனியம் என்னும் மூலகம் இன்றியமையாதது.

அடுப்பின் காற்றுவாயைத் திறந்தும் மூடியும் தீயின் அளவை ஆள்வது போல, உடலின் வெப்பத்தையும் இதயத்தின் துடிப்பையும் குடலின் அசைவையும் மூளையின் விழிப்பையும் இவ்வோமோன் ஆளுகிறது. மூளையின் அடியிலுள்ள கபச் சுரப்பி ஒரு மேற்பார்வையாளர் போன்றது. தைரொக்சின் குறையுமாயின் அது தன் தூண்டும் ஓமோனை மிகுதியாகச் சுரந்து, தைரொயிட்டுச் சுரப்பியை முடுக்குகிறது. பரிசோதனைச் சீட்டில் ரி.எஸ்.எச். எனக் குறிக்கப்படுவது இத்தூண்டும் ஓமோனே. ஆதலின் பெரும்பாலாரிடம் அவ்வெண் உயர்ந்திருப்பது தைரொக்சின் போதாது என்பதற்கு அறிகுறியாகும்.

தளர்ச்சி கண்டவர் களைப்புறுவர், குளிரைப் பொறார், மலச்சிக்கல் உறுவர், தோல் உலரும், முடி உதிரும், முகம் ஊதும், குரல் கரகரக்கும், நாடி தணியும், நினைவு மங்கும். முதியோரிடத்தே இவையெல்லாம் மூப்பின் இயல்பு எனத் தள்ளப்பட்டு, நோய் ஆண்டுக்கணக்காக மறைந்து கிடத்தலும் உண்டு.

இரு காரணங்கள்

இந்நோய்க்குக் காரணம் ஒன்றன்று. முதலாவது அயடீன் குறைவு. 1811 ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்துக் கூர்த்துவா என்பவர் கடற்பாசிச் சாம்பலிலிருந்து அயடீனைக் கண்டெடுத்தார். 1820 இல் ஜெனீவா நகரத்து வைத்தியர் குவாந்தே அதனைக் கண்டக்கழலை நோய்க்கு மருந்தாகக் கொடுத்தார். ஒரு நூற்றாண்டின் பின்னர், 1922 இல் சுவிற்சர்லாந்திலும் 1924 இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலும் உப்பில் அயடீன் கலக்கும் வழக்கம் தொடங்கியது. வளர்ந்தோர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்கிரோகிராம் அயடீன் போதும். கருவுற்ற மகளிர்க்கும் பாலூட்டுவார்க்கும் 250 வேண்டும்.

இலங்கையிலே தென்மேற்கு ஈரவலயம் நெடுங்காலமாகவே கழலை வலயம் எனப் பெயர் பெற்றிருந்தது. பெருமழை மண்ணிலுள்ள அயடீனைக் கழுவிச் செல்லுதல் அதற்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது. 1980களின் பிற்பகுதியில் 17 மாவட்டங்களில் நடந்த ஆய்விலே நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேரிடம் கழலை காணப்பட்டது. 1995 ஆம் ஆண்டில் உப்புக்கெல்லாம் அயடீன் கலத்தல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னர் அயடீன் குறைவு பெரிதும் நீங்கியது.

இரண்டாவது காரணமே இன்று நம்மிடைப் பெரிதும் காணப்படுவது. யப்பானிய வைத்தியராகிய அசிமோட்டோ என்பவர் 1912 இல் முதன்முதல் விரித்துரைத்த நோய் அது. உடலைக் காக்கவேண்டிய நிர்ப்பீடனத் தொகுதியே தன் சுரப்பியைப் பகையெனக் கருதித் தாக்கி, மெல்ல மெல்ல அழித்துவிடுகிறது. அவ்வாறு அழிந்த சுரப்பியை எந்த உணவை உண்பதாலும் எந்த உணவை நீக்குவதாலும் மீட்டல் இயலாது. சத்திரசிகிச்சையினால் சுரப்பி நீக்கப்பட்டோர் நிலையும் அதுவே. குறைந்ததை வெளியிலிருந்து நிரப்புவதே வழி.

அவ்வழி கண்டறியப்பட்ட வரலாறு சுவையானது. 1891 இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து வைத்தியர் ஜோர்ஜ் மரே, ஆட்டின் தைரொயிட்டுச் சாற்றை இந்நோயுற்ற மாதொருவருக்கு ஊசி வழியே செலுத்தினார். அப்பெண்மணி அதன்பின் 28 ஆண்டுகள் நலமே வாழ்ந்து, 1919 இல் 74 ஆவது வயதிலே காலமானார். 1914 ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று அமெரிக்காவில் கெண்டல் என்பார் தைரொக்சினைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தார். 1927 இல் ஆரிங்ரன், பார்கர் ஆகிய இருவர் அதனை ஆய்வுகூடத்திலே தொகுத்தாக்கினர். இன்று நாம் விழுங்கும் சிறு குளிகை அவ்வழி வந்ததே. அதில் இருப்பது 100 மைக்கிரோகிராம் எனின், அது கிராமொன்றின் பதினாயிரத்தில் ஒரு பங்கு. இத்துணைச் சிறிய அளவில் ஒரு பகுதி குடலிலே தடைப்பட்டாலும் குறைபாடு தோன்றும் என்பதை இங்கு மனங்கொள்ளல் வேண்டும்.

பட்டியலை ஆராய்வோம்

கோவாக் குடும்பத்தின் மேல் இப்பழி வந்தது 1928 ஆம் ஆண்டிலாகும். அமெரிக்காவின் பால்ரிமோர் நகரிலே வேறோர் ஆராய்ச்சிக்காக வளர்க்கப்பட்ட முயல்களுக்குக் கோவா இலையே முக்கிய உணவாக இடப்பட்டது. அவற்றின் கழுத்திலே பெருங் கழலைகள் தோன்றின. கோவா, பூக்கோவா, நோக்கோல், முள்ளங்கி, கடுகு என்பனவெல்லாம் ஒரு குடும்பத்தன. அவற்றிலுள்ள கந்தகம் சேர்ந்த பொருள்கள் சிதையும்போது தோன்றுவன, சுரப்பி அயடீனைப் பற்றுவதையும் பயன்படுத்துவதையும் தடுக்கவல்லன. ஆயின் அச்சிதைவைச் செய்யும் நொதியம் வெப்பத்தினால் அழிகிறது. எனவே வெட்டி, அவித்து, கறியாக்கி உண்ணும் எம்மவர் வழக்கிலே அத்தீங்கு மிகவும் தணிந்துவிடுகிறது. கோவாக் குடும்பத்துச் சிற்றரும்பு வகையொன்றைச் சமைத்து, நாளொன்றுக்கு 150 கிராமாக நான்கு வாரம் உண்டவர்களின் சுரப்பியில் யாதொரு மாற்றமும் காணப்படவில்லை.

அளவு கடந்தால் ஆவது யாது என்பதற்கும் சான்று உண்டு. நீரிழிவுக்கு நல்லதென நம்பி, நாள்தோறும் ஒரு கிலோ முதல் ஒன்றரைக் கிலோ வரை சீனக் கோவாவைப் பச்சையாகவே பல மாதம் உண்ட 88 வயது மூதாட்டி ஒருவர், தைரொயிட்டு முற்றாகத் தளர்ந்து உணர்விழந்து மருத்துவமனையிற் சேர்க்கப்பட்ட செய்தி 2010 இல் மருத்துவ ஏடொன்றில் வெளிவந்தது. ஒன்றரைக் கிலோவிற்கும் மதிய உணவிலே ஒரு கரண்டி கோவா வறைக்கும் உள்ள தொலைவு பெரிது. தாளிதத்திற் பொரியும் கடுகையோ நாம் கணக்கிலெடுக்கவே வேண்டியதில்லை. பச்சை இலைகளை அரைத்து நாள்தோறும் பெருங்குவளை நிறையப் பருகும் புதுப் பழக்கமே தவிர்க்கத்தக்கது.

அடுத்தது மரவள்ளி. அக்கிழங்கிலுள்ள நச்சுப்பொருள் உடலினுள் தயோசயனேற்று என்னும் பொருளாக மாறி, அயடீன் சுரப்பியுட் புகுவதைத் தடுக்கும். ஆபிரிக்காவின் கீவு ஏரியிலுள்ள இட்ஜ்வி என்னும் தீவிலே இது நன்கு ஆராயப்பட்டது. அங்கே மண்ணில் அயடீன் குறைவு. மக்களுக்கோ மரவள்ளியே அன்றாட உணவு. இரண்டும் ஒருங்கு சேர்ந்த பகுதியிலேயே கழலை பெருகியிருந்தது. அயடீன் போதிய அளவு கிடைக்கும் இடத்தில் மரவள்ளியின் வலி பெரிதும் குறைந்துவிடும். தோலை நன்கு நீக்கி, நிறைந்த நீரில், பாத்திரத்தை மூடாது அவித்து, அந்நீரை வடித்துக் கொட்டும் எம் அன்னையர் முறை அறிவியலுக்கும் ஒத்ததே. கிழமைக்கொரு முறை சம்பலோடு மரவள்ளி உண்ணல் குற்றமன்று. மூன்று வேளையும் அதுவே என்பதுதான் குற்றம்.

குரக்கன் மேலுள்ள அச்சம் பெரும்பாலும் கம்பிலிருந்து வந்தது. மேற்குச் சூடானின் டார்பூர் பகுதியிலே கம்பையே உண்டு வாழ்ந்த மக்களிடம் கழலை மிகுந்திருந்ததை ஆராய்ந்தோர், அத்தானியத்திலுள்ள சில பொருள்களைக் காரணங் காட்டினர். அங்கும் அதுவே முழுமுதல் உணவு என்பதை நோக்குக. நீரிழிவும் உடன் உள்ளவர் குரக்கனை அளவோடு உண்பதை இது கருதிக் கைவிட வேண்டுவதில்லை. ஆயினும் குரக்கன் கல்சியமும் நாரும் மிகுந்த தானியம்; ஆதலின் குளிகை விழுங்கிய கையோடு குரக்கன் கஞ்சி பருகுதல் நன்றன்று.

சோயாவைப் பற்றிய செய்தியும் இத்தகையதே. 1950களின் இறுதியில், சோயா மாவினால் ஆக்கிய பாலை மட்டுமே உண்ட மேனாட்டுக் குழந்தைகள் சிலரிடம் கழலை தோன்றியது. பின்னர் அப்பாலில் அயடீன் சேர்க்கப்பட்டது. அயடீன் குறைவில்லாத வளர்ந்தோருக்குச் சோயா கழலை தருவதில்லை. குளிகை உட்கிரகிக்கப்படுவதை அது குறைக்கலாம் என்பதே கவனிக்கத்தக்கது. கச்சானைச் சிற்றுண்டி அளவில் உண்பதில் தீங்கில்லை. கோதுமை ஒவ்வாமையினாற் குடல் கெடும் நோயொன்று அசிமோட்டோ நோயருட் சிலருக்குக் கூடவே வருவதுண்டு. அந்நோய் பரிசோதனையால் உறுதியானவர் பாணையும் கோதுமை மாவையும் முற்றாக விலக்கல் வேண்டும். ஏனையோர் அது கருதி விலக்க வேண்டுவதில்லை.

உப்பும் கடலும்

அயடீன் உப்பை நிறுத்துதல் பெரும் பிழை. கடலிலே அயடீன் உண்டு. ஆதலின் கடலுப்பிலும் அது நிறைய இருக்கும் எனப் படித்தோரும் எண்ணுகின்றனர். உப்பு விளையும்போது அயடீன் பெரும்பாலும் தங்குவதில்லை. இந்துப்பின் நிலையும் அதுவே. மீன் உண்போருக்குக் கடல் வழியே ஓரளவு அயடீன் வந்து சேரும். மரக்கறி உணவே கொள்ளும் சைவ இல்லத்தார், நோய்க்கு அஞ்சி அயடீன் உப்பையும் விலக்கி இந்துப்புக்கு மாறுவாராயின், அவர் மட்டுமன்றி அவ்வில்லத்துப் பிள்ளைகளும் குறைபாட்டுக்கு ஆளாவர். ஒருவருக்கு வந்த நோயினால் குடும்பம் முழுவதும் அயடீனை இழத்தல் எத்துணைப் பேதைமை!

கல்லுப்பைக் கழுவிப் பாவிக்கும் வழக்கம் எம்மிடம் உண்டு. மேலே படிந்த அயடீன் கழுவிய நீரோடு போய்விடும். மூடியுள்ள பாத்திரத்தில், ஈரமும் வெயிலும் படாது உப்பை வைத்தல் வேண்டும். ஒரு கிலோ உப்பில் 30 மில்லிகிராம் அயடீன் இருப்பின், ஐந்து கிராம் உப்பிலேயே ஒருவருக்கு வேண்டிய 150 மைக்கிரோகிராம் அடங்கிவிடுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு வகுத்த உப்பின் எல்லையும் ஐந்து கிராமுக்கு உட்பட்டதே. ஆதலின் அயடீன் வேண்டி உப்பை மிகுத்து உண்ணவேண்டியதில்லை. கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் ஆகியன அவ்வெல்லையை எளிதிலே கடப்பிக்கும். குருதியமுக்கம் உடையார் அவற்றைச் சுருக்குக.

இனி, உண்மையாகவே விலக்கவேண்டிய ஒன்று உண்டு. அது அயடீன் மிகுதி. அளவு கடந்த அயடீன் ஓமோன் ஆக்கத்தைத் தானே தடுத்துவிடும் என்பதை 1948 இல் வுல்வ், சாய்க்கொவ் என்னும் இருவர் எலிகளிற் காட்டினர். நலமுள்ள சுரப்பி சில நாளில் மீண்டுவிடும். அசிமோட்டோ நோயுற்ற சுரப்பி மீளமாட்டாது மேலும் தளரும். யப்பானின் ஒக்கைடோ கடற்கரையிலே கடற்சாதாளையைப் பெருமளவில் உண்டோரிடம் கழலை காணப்பட்டமை 1960களிலே வெளிப்பட்டது. சில சாதாளை வகைகளில் கிராம் ஒன்றிலேயே ஆயிரம் மைக்கிரோகிராமுக்கு மேற்பட்ட அயடீன் உண்டு. வெளிநாட்டிலிருந்து அன்புள்ள உறவினர் அனுப்பும் "தைரொயிட்டுச் சத்துக் குளிகை"களில் இச்சாதாளைத் தூள் இருத்தல் கூடும். பெயரைக் கண்டு மயங்காது, வைத்தியரிடம் காட்டியன்றி அவற்றை உண்ணலாகாது. செலீனியக் குளிகைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதிலே வேண்டும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி சிறிது.

உண்மையான பத்தியம்

பத்தியம் என்னும் சொல்லை எம்மவர் உணவின் பெயரோடு சேர்த்தே எண்ணிப் பழகியுள்ளோம். இந்நோயில் பத்தியம் பொருளைப் பற்றியதன்று. பெரும்பாலும் பொழுதைப் பற்றியதே. தைரொக்சின் குளிகையை வெறுவயிற்றில் நீரோடு விழுங்கினால் நூற்றுக்கு 70 முதல் 80 பங்கு வரை குருதியிற் சேரும். உணவோடு விழுங்கினால் அது குறையும். எவ்வளவு குறையும் என்பது உணவுக்கு உணவு, நாளுக்கு நாள் வேறுபடும். மருந்தின் அளவை நிலைநிறுத்த முடியாது வைத்தியர் இடர்ப்படுவது இதனாலேயே.

ஆதலின் காலையில் எழுந்ததும், நீரை மட்டும் துணையாகக் கொண்டு குளிகையை விழுங்குக. அதன்பின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேறெதையும் உண்ணற்க. கோப்பி இம்மருந்தின் உட்கிரகிப்பைக் குறைக்கும் என்பது 2008 இல் இத்தாலிய வைத்தியர்களாற் காட்டப்பட்டது. பாலும் அவ்வாறே குறைக்கும். காலைக் கோப்பியின்றிக் கண் விழியாதவர் அந்த ஒரு மணி நேரத்தைக் கிணற்றடியிலும் பூசையறையிலும் கழிப்பாராக.

கல்சியக் குளிகை, இரும்புச்சத்துக் குளிகை, வயிற்றெரிவுக்கு உண்ணும் அலுமினியம் சேர்ந்த மருந்து ஆகியவை தைரொக்சினைக் குடலிலேயே பற்றிப் பிணைத்து வெளியேற்றுவன. இவற்றுக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மதிய உணவின் பின் கல்சியம், இரவில் இரும்பு என வகுத்துக்கொள்ளல் எளிது. காலைப்பொழுது எவ்வாற்றானும் ஒத்துவராதோர் இரவு உணவுண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கைக்குச் செல்லும்போது விழுங்கலாம். அதுவும் நன்கு பயன்படுகிறது என்பதை ஒல்லாந்து நாட்டு ஆய்வொன்று 2010 இல் காட்டியது. எப்பொழுதாயினும் நாள்தோறும் அதே பொழுதாக இருத்தலே தலையாயது.

விரத நாட்களில் குளிகையை நிறுத்துவோர் எம்மிடையே பலர். கந்தசட்டியில் ஆறு நாளும் மருந்தின்றி இருத்தல் நன்றன்று. வெறுவயிறே இம்மருந்துக்கு உகந்ததாகலின், நீர் அருந்தும் விரதத்துக்கு இது முரணாகாது. நீரும் அருந்தாத ஒரு நாள் உபவாசத்திலே குளிகை தவறினும் அஞ்சவேண்டுவதில்லை. குருதியிலுள்ள தைரொக்சின் பாதியாகக் குறைய ஏழு நாள் வரை செல்லும். அவ்வேழு நாட் கணக்கினாலேயே, மருந்தின் அளவை மாற்றியபின் ஆறு முதல் எட்டுக் கிழமை கழித்தே குருதியைச் சோதிப்பர். முடிக்கும் நகத்துக்கும் என விற்கப்படும் பயோற்றின் குளிகை அச்சோதனையையே பிழைபடுத்தும். சோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாக அதனை நிறுத்தல் வேண்டும்.

ஏனைய உணவைப் பொறுத்தவரை, தளர்ச்சியினாற் குருதியிற் கொழுப்பு உயரும், குடல் சோரும். ஆதலின் எண்ணெயிற் பொரித்த பண்டமும் சீனிப் பலகாரமும் சுருங்குக. கீரையும் பருப்பும் தவிடு நீக்காத அரிசியும் பெருகுக. தேங்காயெண்ணெய் இந்நோயைத் தீர்க்கும் என இப்பொழுது பரவும் கூற்றுக்குச் சான்றில்லை.

மகளிர் பொருட்டு ஒரு சொல்

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய முதற் காரணம் நண்பர் எனினும், தலைமையான காரணம் இதுவே. கருவுற்ற முதல் மாதங்களிற் சிசுவின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய தைரொக்சின் முழுவதும் தாயிடமிருந்தே செல்கிறது. சிசுவின் சுரப்பி அப்பொழுது தொழிற்படத் தொடங்கியிராது. இந்நோயுள்ள பெண் கருவுற்றதும் அவளுக்கு வேண்டிய மருந்தின் அளவு உயர்கிறது. கருவுக்குத் தீங்காகும் என அஞ்சி, அக்காலத்தில் குளிகையை நிறுத்தச் சொல்லும் மூத்தோர் இன்றும் உளர். தீங்கு நிறுத்துவதில்தான் உண்டு. கருவுற்ற ஐயம் தோன்றியவுடனேயே வைத்தியரை நாடல் வேண்டும். அக்காலத்திலேயே இரும்பும் கல்சியமும் கொடுக்கப்படுவதால், மேற்கூறிய நான்கு மணி நேரக் கணக்கு அவர்களுக்கு இருமடங்கு முக்கியமாகும். தமக்கையரும் தங்கையருமுள்ள மாணவர் இவ்வொன்றையேனும் இல்லத்திற் சொல்வாராக.

திருக்குறளிலே மருந்து என ஓர் அதிகாரம் உண்டு. அது 95 ஆவது. அதனைப் படிப்போர் அங்கே மூலிகைப் பெயர்களைக் காணார். பசித்துண்ணலும் அளவறிந்துண்ணலும் உடலுக்கு ஒத்ததை உண்ணலுமே அங்குப் பேசப்படுகின்றன. அளவு, பொழுது என்னும் இவ்விரண்டையும் எம் நண்பர் மறந்து, பெயர்ப் பட்டியலைப் பற்றிக்கொண்டதே அவருக்கு ஓராண்டு வீணாகக் கழிந்ததற்குக் காரணம்.

அவர் எம் சொற்படி குளிகையை நீரோடு விடியற்காலையிலும் கல்சியத்தை மதிய உணவின் பின்னும் கொண்டார். அவ்வாறு செய்யுமுன் தம் வைத்தியரிடம் சொல்லிவிடுமாறும் நாம் கூறியிருந்தோம். முன்பு தடைப்பட்டிருந்த மருந்து முழுவதும் உட்செல்லத் தொடங்கின், உயர்த்திய அளவு மிகையாகி நெஞ்சு படபடக்கும், எலும்பும் தேயும். எட்டுக் கிழமையின் பின் நடந்த சோதனையைக் கண்ட வைத்தியர் மருந்தின் அளவைக் குறைத்தார்.

அடுத்த சங்கக் கூட்டத்திலே நண்பரைக் கண்டோம். சட்டைப்பையிலே பட்டியல் இல்லை. அன்றைய பகல் உணவில் கோவா வறை இருந்தது. அவர் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி உண்டார்.